கன்னத்தசையால் தட்டச்சு

2011ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஹாக்கிங் எழுதும் வேகம் நிமிடத்துக்கு ஒரு சொல்லாக இறங்கியிருந்தது. உடம்பு ஒத்துழைக்கும் நாளில் இரண்டு சொற்கள். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூருக்குக் கடிதம் போட்டு, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். அண்டவெளியின் கருந்துளைகளைக் கணக்கில் பிடித்த மனிதருக்கு, 'வணக்கம்' சொல்ல ஒரு நிமிடம் வேண்டியிருந்தது.

அந்த நிலைக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1963இல், 21 வயதில், இயக்க நரம்பணு நோய் என்று கண்டறிந்தார்கள். 1985இல் ஜெனீவா போன இடத்தில் நிமோனியா வந்தது. உயிரைக் காப்பாற்ற மூச்சுக்குழாயில் துளையிட வேண்டியதாயிற்று. அதோடு பேச்சு போனது. தொடக்கத்தில் ஓர் எழுத்து அட்டையை முன்னால் பிடித்துக்கொண்டு ஒருவர் விரல் வைத்துக்கொண்டே வருவார். சரியான எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். பிறகு வால்ட் வோல்டோஸ் என்ற அமெரிக்கர் தான் எழுதிய 'ஈக்வலைசர்' என்ற மென்பொருளை அனுப்பிவைத்தார். இதே நோய் வந்த தன் மாமியாருக்காக அவர் எழுதியது அது. கையில் பிடித்த ஒரு சுவிட்சை அழுத்தி, திரையில் ஓடும் சொற்களிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 15 சொற்கள் வரை வந்தன. 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' நூலை அவர் முடித்தது இப்படித்தான்.

2008 வாக்கில் கட்டைவிரலும் சோர்ந்துவிட்டது. அவருடைய உதவியாளர் ஒருவர் மூக்குக் கண்ணாடியில் சின்ன அகச்சிவப்பு உணரி ஒன்றைப் பொருத்தினார். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது கன்னத்தின் மேல் வீசும். கன்னத்தசையை ஹாக்கிங் இறுக்கினால் தோல் சற்று எழும்பும். திரும்பி வரும் ஒளியின் அளவு மாறும். கணினி அதை 'அழுத்தினார்' என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அந்தக் கருவி. மின்னஞ்சல், இணையம், ஆய்வுரை, நகைச்சுவை எல்லாமே அந்த ஒற்றைத் தசைவழியாகத்தான் வெளியே வந்தன.

ஹாக்கிங்கின் கதை பலருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் கணக்கு அவ்வளவாகத் தெரியாது. கீபோர்டில் நூற்றுச் சொச்சம் விசைகள். மவுஸில் இரண்டு பொத்தான்கள், ஓர் உருளை, எந்தத் திசையிலும் நகர்த்தும் வசதி. ஒரே ஒரு சுவிட்சுக்கு இருப்பதோ ஒரே சேதி: 'இப்போது'. எது வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எப்போது என்று மட்டும் சொல்லத் தெரியும். ஆகவே 'எது' என்ற கேள்வியை 'எப்போது' என்ற கேள்வியாக மாற்றியாக வேண்டும். பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வர, நம் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் எழுந்துகொள்வதுபோல, கணினி எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒளிரச் செய்துகொண்டே போகும். நம் எழுத்து வந்ததும் அழுத்த வேண்டும். இந்த முறைக்கு ஸ்கேனிங் என்று பெயர்.

36 கட்டங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு நொடி ஒளிரட்டும். வரிசையாக ஓடவிட்டால் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 18 நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவற்றையே ஆறுக்கு ஆறாக அடுக்கி, முதலில் வரிசைகளை ஒளிரவிட்டு, வரிசையைப் பிடித்தபின் அதற்குள் கட்டங்களை ஒளிரவிட்டால், வரிசைக்குச் சராசரி மூன்றரை நொடி, கட்டத்துக்கு மூன்றரை நொடி. ஆக ஏழு நொடியில் முடிந்துவிடும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் 42 நொடி. நிமிடத்துக்கு ஒன்றரைச் சொல்கூட இல்லை. ஹாக்கிங் சிக்கியிருந்த வேகம் ஏறக்குறைய இதுதான். அறிவுக்கூர்மையால் இதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க முடியாது.

குறைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கட்டங்கள் மாறும் வேகத்தைக் கூட்டலாம். தசை ஈடுகொடுக்காவிட்டால் தவறான எழுத்து விழும், அதை அழிக்கவும் அதே ஏழு நொடி வேண்டும். இன்னொரு வழி, அடிக்கடி வரும் எழுத்தைச் சீக்கிரம் வரும் இடத்தில் வைப்பது. இடது மேல் மூலைக் கட்டத்துக்கு இரண்டு நொடி போதும். வலது கீழ் மூலைக்குப் பன்னிரண்டு. இ, டி, ஏ போன்ற ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் மேல் மூலைக்குப் போக, க்யூவும் இசட்டும் கீழே தள்ளப்படும். நாம் பழகிய குவர்ட்டி அடுக்கு பத்து விரல்களுக்கானது. அதை அப்படியே ஸ்கேன் செய்யவிடும் மென்பொருள், பயன்படுத்துபவரின் நேரத்தைத் தினமும் விழுங்குகிறது என்றுதான் சொல்வேன்.

இந்தக் கணக்குக்குக் கணினிகூட அவசியமில்லை. 'எல்' என்ற பிரெஞ்சு இதழின் ஆசிரியர் ஜான்-தொமினிக் போபி 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் விழுந்தார். இடது கண்ணின் இமை மட்டும் சொன்னபடி கேட்டது. பிரெஞ்சில் எந்த எழுத்து அதிகம் வருகிறதோ அது முதலில் வரும்படி அடுக்கிய எழுத்து வரிசையை உதவியாளர் குரல் கொடுத்துப் படிப்பார். வேண்டிய இடத்தில் போபி கண் சிமிட்டுவார். அப்படி ஒரு முழு நூலையே எழுதினார். 'தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃப்ளை' என்று ஆங்கிலத்தில் அறியப்படும் அந்த நூல் 1997 மார்ச்சில் வெளிவந்தது. வெளிவந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

போபிக்கும் முன்பே இயந்திரம் வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை முதுகுத்தண்டு காயங்களுக்குப் பெயர்பெற்றது. கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போன நோயாளிகள் அங்கே தாதியைக் கூப்பிட விசில் ஊத வேண்டியிருந்தது. அதைக் கவனித்த ரெஜ் மாலிங் என்பவர், ஊதவும் உறிஞ்சவும் முடிகிறவருக்கு அந்த மூச்சே ஒரு சுவிட்ச் ஆகலாமே என்று யோசித்தார். 1960 வாக்கில் பிறந்த 'பாசம்' என்ற அந்தக் கருவி, வாயில் வைத்த குழாய்வழியே மூச்சால் மணி, விளக்கு, வானொலி ஆகியவற்றை இயக்கவைத்தது. பின்னாளில் தட்டச்சுப் பொறியையும். ஊதினால் ஒரு சேதி, உறிஞ்சினால் இன்னொரு சேதி. இரண்டு சேதிகள் கிடைத்துவிட்டால் விளையாட்டே மாறிவிடுகிறது: கணினி ஓடிக்காட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றைப் புள்ளி, மற்றதைக் கோடு என்று வைத்துக்கொண்டு மோர்ஸ் தந்தி மொழியிலேயே எழுதலாம். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள டானியா ஃபின்லேசன் என்ற அமெரிக்கப் பெண்மணி தலையின் இரு பக்கமும் வைத்த சுவிட்சுகளால் இப்படித்தான் எழுதிவருகிறார். 2018இல் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மோர்ஸ் சேர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. தந்தி அலுவலகங்கள் மூடப்பட்ட பிறகும் தந்தி மொழி பிழைத்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

எந்த உறுப்பைச் சுவிட்ச் ஆக்குவது? இதுதான் துறையில் இருப்பவர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம். பார்ப்பதற்கு வலுவான அசைவு நல்ல அசைவு என்று சொல்ல முடியாது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தை கையை வேகமாக வீசலாம். ஆனால் வேண்டும்போது வீச முடியாமலும், வீசக்கூடாதபோது வீசிவிட்டும் தவிக்கும். அதே குழந்தை முழங்காலைச் சற்று வெளிப்பக்கம் சாய்ப்பதை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் செய்யக்கூடும். அப்போது சுவிட்ச் முழங்காலுக்குத்தான் போக வேண்டும். அழுத்துவது மட்டுமல்ல, நேரத்தில் விடுவதும் முக்கியம். தசை இறுகிப் பிடித்துக்கொண்டால் கணினி அதைத் தொடர் அழுத்தம் என்று நினைத்துவிடும். காலையில் வேலை செய்யும் அசைவு மாலையில் சோர்ந்துபோகலாம். உட்காரும் நிலை சரியில்லாவிட்டால் எந்த அசைவும் நிலைக்காது. அதனால் அனுபவமுள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கணினியைத் திறப்பதற்கு முன்னால் சக்கர நாற்காலியையும் முதுகுத் தாங்கலையும் சரிபார்ப்பார். கடைக்காரர் கருவியின் பெட்டியை முதலில் திறப்பார். இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது.

சுவிட்ச் வாங்குவதில் ஒரு நல்ல சேதி உண்டு. உலகம் முழுக்கப் பெரும்பாலான சுவிட்சுகள் ஒரே முனையோடு வருகின்றன: பழைய இயர்போனில் இருந்த அதே 3.5 மில்லிமீட்டர் ஜாக். மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற விளையாட்டுக் கருவியின் முதுகில் அப்படிப்பட்ட துளைகள் 19 இருக்கின்றன. கன்னத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று என்று எதை வேண்டுமானாலும் செருகலாம். வீட்டில் கிடக்கும் பழைய மவுஸைத் திறந்து, இடது பொத்தானின் இரு முனைகளிலும் கம்பி பற்றவைத்து ஒரு ஜாக்கை இணைத்தால் சுவிட்ச் இடைமுகம் தயார். சால்டரிங் தெரிந்த எந்த மொபைல் கடைப் பையனும் இதைச் செய்துவிடுவான்.

ஒரு விரலாவது வேலை செய்கிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. ஷிஃப்டையும் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த முடியாது. விரல் நடுங்கினால் ஓர் எழுத்து ஐந்து முறை விழும். முதலாவதற்குத் தீர்வு ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி, இரண்டாவதற்கு ஃபில்டர் கீஸ். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் திடீரென்று ஒரு பெட்டி வந்து எரிச்சலூட்டுமே, அது ஸ்டிக்கி கீஸ்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் குழு செய்த வேலையின் பயன் அது. மும்பையின் மாலினி சிப் தன் சுயசரிதைக்கு 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' என்று பெயர் வைத்தார். மூளை முடக்குவாதம் உள்ள அவர் ஒரே ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதிய நூல், 2010இல் வந்தது. விரலும் வராதபோது நெற்றியில் கட்டிய குச்சி. அயர்லாந்தின் கிறிஸ்டோஃபர் நோலன் (சினிமா இயக்குநர் அல்ல) அப்படி ஒரு குச்சியால், தாய் தன் தாடையைத் தாங்கிப் பிடித்திருக்க, எழுதிய நூலுக்கு 1987இன் விட்பிரெட் பரிசு கிடைத்தது.

இப்போது எல்லோருக்கும் ஆசை கண் மேல்தான். கண்ணால் பார்த்தாலே கணினி கேட்கும் என்பது விளம்பரத்துக்கு ஏற்ற காட்சி. வேலை செய்யும் விதம் அழகானதுதான். திரைக்குக் கீழே ஒரு பட்டை. அதிலிருந்து அகச்சிவப்பு ஒளி கண்ணில் படும். கருவிழியின் மேற்பரப்பில் அது ஒரு சின்னப் பொட்டாக மின்னும். தலை அசையாமல் கண் மட்டும் திரும்பினால் கண்பாவை நகரும், மின்னும் பொட்டு அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தையும் திசையையும் கேமரா அளந்தால், பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். முதலில் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி அந்தக் கண்ணுக்கேற்ப அளவு திருத்திக்கொள்வார்கள். ஸ்வீடனின் டோபி நிறுவனம் 2001இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. 2017இல் விண்டோஸ் 10, 2024இல் ஐபோன் என்று கண் கட்டுப்பாடு இப்போது இயக்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் கண் சுட்டிக்காட்டப் படைக்கப்பட்ட உறுப்பல்ல; தேடப் படைக்கப்பட்டது. நொடிக்கு இரண்டு மூன்று தாவல் தாவும். நாம் ஒரு பொருளை உற்றுப் பார்ப்பதாக நினைக்கும்போதும் சற்று நடுங்கிக்கொண்டே இருக்கும். நல்ல கருவியும் அரை பாகை, ஒரு பாகை பிசகும். 60 சென்டிமீட்டர் தள்ளியுள்ள திரையில் ஒரு பாகை என்றால் ஒரு சென்டிமீட்டர். ஜன்னலை மூடும் சின்னப் பெருக்கல் குறியைக் கண்ணால் பிடிக்க முடியாததற்குக் காரணம் இதுவே. அதைவிடப் பெரிய தொல்லை, பார்ப்பதெல்லாம் அழுத்துவதாகிவிடுவது. தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் அரசனின் பெயரை ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். படிக்கவும் கண்தான், தேடவும் கண்தான், சொடுக்கவும் கண்தான் என்றால் எதற்காகப் பார்க்கிறோம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அரை நொடி, ஒரு நொடி பார்வை நிலைத்தால்தான் அழுத்தம் என்று விதி வைத்தார்கள். காலத்தைக் குறைத்தால் தவறுகள், கூட்டினால் கண்வலி. கண்ணால் சுட்டி, கன்னத்தாலோ காலாலோ சுவிட்ச் அழுத்துவது இரண்டையும்விட நல்லது.

இயக்க நரம்பணு நோயில் கண் அசைவு பெரும்பாலும் கடைசிவரை மிஞ்சும். அவர்களுக்குக் கண் கருவி வரப்பிரசாதம். மாறுகண்ணோ, தானாக ஆடும் கண்ணோ உள்ள மூளை முடக்குவாதக்காரருக்கு அதே கருவி தண்டச் செலவாகிவிடலாம். ஹாக்கிங்கிடமும் இன்டெல் குழு கண் கருவியை முயன்று பார்த்தது. இமைகள் தொங்கியதால் சரிவரவில்லை. மூளை அலைகளைப் படிக்கும் தொப்பியையும் போட்டுப் பார்த்தார்கள். போதிய சமிக்ஞை கிடைக்கவில்லை. லாமா நாக்மன் தலைமையிலான அந்தக் குழு முற்றிலும் புதிய இடைமுகம் ஒன்றைச் செய்துகொடுத்தது. ஹாக்கிங்குக்கு அது ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் பழகிய அமைப்பைப் பெரிதாகக் குலைக்காமல், அடியில் இருந்த மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். ஸ்விஃப்ட்கீ நிறுவனத்தின் சொல் ஊகிப்பு அதில் சேர்ந்தது. அது ஹாக்கிங்கின் நூல்களையும் உரைகளையும் படித்துப் பழகியிருந்தது. 'பிளாக்' என்று வந்தால் அடுத்து 'ஹோல்' வரும் என்று அதற்குத் தெரியும். எழுத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தட்டினால் போதும், எழுதும் வேகம் இருமடங்கு என்று 2014 டிசம்பரில் அறிவித்தார்கள். கன்னம் அதே கன்னம், உணரியும் பழைய வகைதான். ஏகாட் என்ற பெயரில் அந்த மென்பொருளை 2015இல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

உடம்பின் வேகத்தைக் கூட்ட நம்மால் முடியாது. ஓர் அசைவுக்குக் கிடைக்கும் பலனைக் கூட்ட முடியும். இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் கேம்பிரிட்ஜின் டேவிட் மெக்கே. தகவல் சுருக்கக் கணிதத்தில் வல்லவர். ஒரு கோப்பைச் சுருக்கும்போது அடிக்கடி வருவதற்குக் குறைந்த இடம் தருகிறோம். எழுதுவதையும் அப்படியே பார்த்தால் என்ன என்று கேட்டார். அவரும் டேவிட் வார்டும் உருவாக்கிய 'டேஷர்' மென்பொருளில் விசைகளே கிடையாது. வலப்பக்கமிருந்து எழுத்துப் பெட்டிகள் மிதந்து வரும். அடுத்து வர வாய்ப்புள்ள எழுத்தின் பெட்டி பெரிதாக இருக்கும். வாய்ப்பில்லாதது மெல்லிய கோடாக இருக்கும், ஆனால் இருக்கும். வேண்டிய பெட்டியை நோக்கிப் பார்வையைச் செலுத்தினால் அது பெருத்து, அதற்குள் அடுத்த எழுத்துகள் விரியும். கண் தானாகவே தேடிப் போகும் குணம் இங்கே தொல்லையாக இல்லாமல் துணையாகிறது. பழகியவர்கள் கண்ணால் மட்டும் நிமிடத்துக்கு 25 சொற்கள் வரை எழுதியதாக 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான பொருள் பரவலாகப் புழங்காமல் போனது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

மூளைக்குள்ளேயே கம்பி வைக்கும் சேதிகள் அடிக்கடி வருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் ஃபார்வெல், டான்சின் இருவரும் மண்டையோட்டுக்கு வெளியே மின்முனைகள் வைத்து, திரையில் ஆறுக்கு ஆறு கட்டத்தை வரிசை வரிசையாக ஒளிரவிட்டார்கள். எதிர்பார்த்த எழுத்து ஒளிரும்போது மூளை தரும் சின்னத் துடிப்பைப் பிடித்தார்கள். கன்னத்துக்குப் பதில் மூளை, மற்றபடி நாம் மேலே போட்ட அதே கட்டம். வேகம் நிமிடத்துக்கு இரண்டு எழுத்துச் சொச்சம். மூளைக்குள் மின்முனைகள் வைத்தபின் கதை மாறியது. 2021இல் ஸ்டான்ஃபோர்டில், முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் கையால் எழுதுவதாக மனத்தில் முயல, கணினி நிமிடத்துக்கு 90 எழுத்துகளைப் பிடித்தது. 2023இல் பேச முயல்வதையே பிடித்து 62 சொற்கள். ஆனால் பெரிய சொற்களஞ்சியத்தை வைத்துக்கொண்டபோது ஏறக்குறைய நான்கில் ஒரு சொல் பிழை. அடுத்த ஆண்டுகளில் பிழை இன்னும் வெகுவாகக் குறைந்தது. பெரிய சாதனைகள். ஆனால் மண்டையைத் திறக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தின் துணை வேண்டும், ஆட்கள் கைவிரல் எண்ணிக்கையில். அடுத்த தெருவில் இருப்பவருக்கு இன்று எழுத வேண்டும்.

அவர் தமிழில் எழுத வேண்டும் என்றால்? கணக்கை மறுபடி போட வேண்டும். தமிழுக்கு 247 எழுத்துகள். பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் அவற்றை அப்படியே பரப்பினால் ஓர் எழுத்துக்குச் சராசரி 17 நொடி. 'தண்ணீர்' என்ற நான்கெழுத்துக்கு 68 நொடி. தாகத்தோடு இருப்பவர் அதற்குள் விட்டுவிடுவார். ஙொ, ஙோ எல்லாம் கட்டத்தில் இடம்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாழ்நாளில் அவற்றை எழுதியவர் நம்மில் எத்தனை பேர்? அதற்குப் பதிலாக, உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம், புள்ளி என்று 32ஐ மட்டும் ஆறுக்கு ஆறில் வைத்து, 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையின் விதியைக் கடைப்பிடித்தால் த, ண, ண, ஈ, ர, புள்ளி என்று ஆறு தட்டல், 42 நொடி. இரண்டு ணகரம் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும் என்பது அந்த விதி. ஙகரத்தை அடுத்து ககரம், ணகரத்தை அடுத்து டகரம் வந்தாலும் அப்படியே. பத்து விரல்காரருக்கு அது சின்ன வசதி. கன்னத்தால் எழுதுபவருக்கு ஒவ்வொரு புள்ளியும் ஏழு நொடி.

இன்னும் ஒன்று. வாயால் பேச முடியாதவருக்கு இந்தத் திரைதான் வாய். யாரும் வீட்டில் 'தண்ணீர் வேண்டும்' என்று கேட்பதில்லை. 'தண்ணி வேணும்' என்றுதான் கேட்கிறோம். மேற்சொன்ன கட்டத்தில் முதலாவதற்கு இடைவெளியோடு 14 தட்டல், 98 நொடி. இரண்டாவதற்கு 11 தட்டல், 77 நொடி. பேச்சுத்தமிழ் இயல்பானது மட்டுமல்ல, விரைவானதும்கூட. செய்தித்தாள் தமிழை மட்டும் படித்துப் பழகிய ஊகிப்பு மென்பொருள் 'வே' என்றதும் 'வேட்பாளர்', 'வேளாண்மை' என்று அடுக்கும். 'வேணும்', 'வேணாம்' அதற்குத் தோன்றாது. வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீளும் நம் மொழியில் முழுச் சொல்லை ஊகிப்பதைவிட, பகுதியைத் தந்துவிட்டு 'க்கு', 'ல', 'ங்க' என்று ஒட்டுகளை அடுத்த வரிசையில் காட்டுவது நிறைய நொடிகளை மிச்சப்படுத்தும். இது நமக்குத்தான் தெரியும். கலிஃபோர்னியாவிலிருந்து யாரும் வந்து செய்துதர மாட்டார்கள்.

செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. ஐஐடி சென்னையில் படித்த அஜித் நாராயணன், சென்னை வித்யாசாகர் பள்ளியோடு சேர்ந்து, பேச முடியாத குழந்தைகளுக்காக 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். 2011இல் எம்ஐடியின் தொழில்நுட்ப இதழ் இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. ஐஐடி சென்னையின் ஹேமா மூர்த்தி குழு தமிழ் உட்பட இந்திய மொழிகளில் கணினிக் குரலுக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. விசைப்பலகைச் செயலிகளை இலவசமாகத் தந்த தமிழ்க் கணிமைத் தன்னார்வலர்களும் நிறைய.

இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. வீட்டிலோ தெருவிலோ கை வராத ஒருவர் இருந்தால், புதுக் கருவி தேடுவதற்கு முன்னால் கையிலிருக்கும் போனின் அணுகல்தன்மை அமைப்பைத் திறந்து பாருங்கள். ஐபோனில் ஸ்விட்ச் கன்ட்ரோல் 2013இலிருந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஸ்விட்ச் அக்சஸ். ஆண்ட்ராய்டு 12இலிருந்து முன் கேமராவே சுவிட்ச் ஆகும்: புன்னகை, புருவம் உயர்த்தல், வாய் திறத்தல், இடம் வலம் மேல் பார்த்தல் என்று ஆறு அசைவுகளை அது புரிந்துகொள்ளும். இதற்குக் காசு கிடையாது. குரல் தெளிவாக இருந்தால் தமிழிலேயே சொல்லி எழுதவைக்கலாம். கணினி என்றால் ஏகாட்டும், கண் கருவிக்கு ஆப்டிகீயும், சாதாரண வெப்கேமராவால் தலை அசைவை மவுஸ் ஆக்கும் ஈவயாகாமும் இலவசம்.

தமிழ்க் கணிமை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த எழுத்து எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதற்கேற்ப அடுக்கிய, பேச்சுத்தமிழைப் படித்துப் பழகிய, ஒற்றைச் சுவிட்சில் ஓடும் ஒரு தமிழ் விசைப்பலகையைத் திறமூலமாகச் செய்து வெளியிடுங்கள். செய்யும்போது அதைப் பயன்படுத்தப்போகிற ஒருவரைக் குழுவில் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். சோதிப்பதற்காகக் கடைசி வாரத்தில் கூப்பிடாதீர்கள்.